சந்திரபாபுவின் பங்கு எவ்வளவு?

(தூத்துக்குடியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக்கு வந்து ஜே.பி. சந்திரபாபுவைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அவருடைய பாட்டுகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நான் பாடிக் காட்டப் போவதில்லை. வரிகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கப் போவதும் இல்லை. நான் பேச வந்தது அந்தப் பாட்டுகளின் கணக்குவழக்கைப் பற்றி. அவை எப்போது வந்தன, எந்த வழியில் ஊரெல்லாம் பரவின, ஏன் இன்னும் ஒலிக்கின்றன, பாடியவருக்கு அதில் என்ன கிடைத்தது? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

சின்ன வயதில் புகழ் கண்டு பிறகு நொடித்துப்போன கலைஞர்களைப் பற்றிப் பேசினால், குடி, காதல், கர்வம் என்று மூன்று காரணம் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். சந்திரபாபு விஷயத்தில் இந்த மூன்றையும் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, அவர் பாராட்டியதும் உரிமையோடு அவர் மடியில் போய் உட்கார்ந்தார் என்பார்கள். காரை மாடிவரை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி வீடு கட்ட ஆசைப்பட்டார் என்பார்கள். கதைகள் சுவையானவைதான். ஆனால் அந்தக் கதைகளுக்கு அடியில் ஒரு பாடகர் காணாமல் போனார். நகைச்சுவை நடிகர், நடுவில் பாடவும் செய்வார் என்று நாம் எழுதி வைத்துவிட்டோம். அது தலைகீழான கணக்கு என்பது என் கட்சி.

கொழும்பு வழி

1927 ஆகஸ்டில் இந்த ஊரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். பனிமயதாஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழா பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்திரபாபு என்பது பின்னால் அவரே சூட்டிக்கொண்டது. அவருடைய இனமான பரதவர்கள் தங்களைச் சந்திர குலத்தார் என்று சொல்லிக்கொள்ளும் மரபு அதில் இருக்கிறது.

அப்பா ஜே.பி. ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். 1929-இல் சத்தியாக்கிரகத்துக்காகக் கைதானார். பிறகு ஆங்கில அரசு அவரை இலங்கைக்கு நாடு கடத்தியது. குடும்பமும் கொழும்புக்குப் போனது. இந்த ஊருக்குக் கொழும்பு அந்நிய தேசம் அல்ல. சாயங்காலம் கப்பல் ஏறினால் விடிந்ததும் இறங்கும் ஊர் அது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும் இதே தடத்தில்தான். தோணிகள் சரக்கோடு போய்வந்த தடமும் இதுவே.

சந்திரபாபுவின் காது கொழும்பில் வளர்ந்தது. போர்த்துக்கீசியரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களோடும் வந்திறங்கிய தாளங்கள் பைலா என்ற ஆட்டப்பாட்டாகப் பழுத்திருந்த ஊர் அது. பறங்கியர் வீட்டு விருந்துகளில் ஆட்டமும் பாட்டும் உண்டு. ஆங்கிலப் படங்கள் ஓடின. இசைத்தட்டுக் கடைகளில் அமெரிக்கப் பாட்டுகள் கிடைத்தன. குரலை நெஞ்சிலிருந்து உச்சிக்குச் சட்டென்று உடைத்துத் தாவவிடும் யோடலிங் அந்தத் தட்டுகளில் இருந்தது. ஜிம்மி ராட்ஜர்ஸ் தன்னுடைய முதல் 'நீல யோடல்' பாட்டை நியூ ஜெர்சியில் பதிவு செய்தது 1927 நவம்பரில். சந்திரபாபு அப்போது தொட்டில் பிள்ளை.

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. பையனுக்கு வயது பதினாறு. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. பாட்டு என்றால் தியாகராஜ பாகவதர், இல்லாவிட்டால் பி.யு. சின்னப்பா. கர்நாடக ராகத்தை முழுத் தொண்டையில் பாடுகிறவர்தான் பாடகர் என்றிருந்த சென்னையில், கொழும்புக் காதோடு ஒரு பையன் வாய்ப்புக் கேட்டு அலைந்தான். 1947-இல் 'தன அமராவதி' படத்தில் முகம் தெரிந்தது. பிறகு ஐந்து வருஷம் அலைச்சல். 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, நீதிமன்றப் படி ஏறினார். அப்போது வயது 25. அதே ஆண்டு ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடம் கிடைத்தது.

எண்ணிப் பார்க்கும் வழி

பாட்டு வெற்றி பெற்றதா என்று எப்படி அளப்பது? மேல்நாட்டில் இதற்கு வரிசைப் பட்டியல் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1952 நவம்பரில், தட்டு விற்பனையை வைத்து ஒரு வாரப் பத்திரிகை முதல் பட்டியல் போட்டது. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1958 ஆகஸ்டு 4-ஆம் தேதி முதல் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தியது. அந்த முதல் பட்டியலின் முதலிடம் ரிக்கி நெல்சன் என்ற 18 வயதுப் பையனுக்கு. கனடாவின் பால் ஆங்கா அதற்கு முந்தின வருஷமே 16 வயதில் உலகம் சுற்றிய பாட்டைத் தந்திருந்தார். இளம் பாடகர் என்பவர் ஒரு வியாபாரப் பண்டமாக ஆனது அந்த வருஷங்களில்தான்.

நம் பக்கம் வாருங்கள். 1952-இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு தேசத்தின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு தேய்ந்து, பிறகு மறைந்தது. நாட்டு வானொலி கதவைச் சாத்தியதும் இலங்கை வானொலி அகலத் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக நிறுவிய சக்திமிக்க ஒலிபரப்பிகள் கொழும்பில் இருந்தன. 1952 டிசம்பரில் அமீன் சயானி இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் 'பினாக்கா கீத்மாலா'வை அங்கிருந்து தொடங்கினார். தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்ந்து இடத்தை முடிவு செய்தன. அங்கே தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்காகவே ரேடியோ வாங்கியவர்கள் உண்டு. இந்தக் கடற்கரையில் திருச்சி வானொலியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டெல்லி மனம் மாறி விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-இல். இடைப்பட்ட ஐந்து வருஷங்கள்தான் சந்திரபாபு மேலே வந்த வருஷங்கள். அப்பாவை எந்த ஊருக்கு நாடு கடத்தினார்களோ அந்த ஊரிலிருந்து மகனின் குரல் காற்றில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தது.

இன்னொரு தராசும் நம்மிடம் இருந்தது. ரேடியோ செட்டுக்காரர். கல்யாணம், சடங்கு, கொடை, கோவில் திருவிழா எதுவானாலும் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, தட்டுப் பெட்டியைத் திறந்து உட்காருகிறவர். அன்றைய தட்டு அரக்கில் செய்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் வார்த்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். ஊசி தேய்த்துத் தேய்த்துக் கோடு அழிந்துபோகும். எந்தத் தட்டு முதலில் தேய்ந்து, மறுபடி வாங்க வேண்டியதானதோ அதுதான் ஊரின் முதலிடம். சந்திரபாபு பாட்டு இல்லாத பெட்டியோடு ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

பத்து வருஷப் பாட்டுகள்

இப்போது வரிசையைப் பார்ப்போம். பெரிய வீச்சாக வந்த முதல் பாட்டு 1954-இல், ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில். ஆர். சுதர்சனம் இசை. கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கும் வாலிபனின் பாட்டு. வேடிக்கை என்னவென்றால் திரையில் வாயசைத்தவர் சந்திரபாபு அல்ல, பின்னாளில் வீணை மேதையான எஸ். பாலச்சந்தர். அவரே நன்றாகப் பாடத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கு இன்னொருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பாட்டுக்கு வேண்டிய துள்ளல் வேறு எவர் தொண்டையிலும் இல்லை என்றுதானே பொருள்? முகம் தெரியாமல், குரலாலேயே நின்றவர் சந்திரபாபு. முதலில் பாடகர், பிறகு நடிகர் என்று நான் சொல்வதற்கு இது முதல் சாட்சி.

1957-இல் இரண்டு. 'மணமகன் தேவை' படத்துக்கு இசை ஜி. ராமநாதன். கர்நாடக ராகங்களைக் கொட்டி வைத்த அந்த மனிதர், இவருக்காக மேல்நாட்டு ஆட்டத் தாளத்தில் ஒரு பாட்டுப் போட்டார். பெண்ணின் கண்ணைப் பம்பரத்தோடு சேர்த்துப் பாடுகிற அந்தப் பாட்டு உண்மையிலேயே சுழலும். 'புதையல்' படத்துக்கு இசை விசுவநாதன் ராமமூர்த்தி, பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். காதலிக்காக உடல் பொருள் ஆவி எல்லாம் என்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. உழைப்பாளியின் கவிஞர், மேல்நாட்டு மெட்டுக்குள் பேச்சுத் தமிழை எவ்வளவு லாகவமாக உட்கார வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

1958-இல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைத் தமிழ் பேசினார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் சென்னைச் சேரித் தமிழைப் பிடித்தது எப்படி என்று கேட்கலாம். காதுதான் காரணம். அதே வருஷம் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்'. 1959-இல் 'மரகதம்' படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் ஜமுனாராணியோடு பாடிய ஜோடிப் பாட்டு. குங்குமப் பூவையும் புறாவையும் அழைக்கும் அந்தப் பாட்டை இங்கே முணுமுணுக்காதவர் இருந்தால் கை தூக்கலாம். அதே ஆண்டு 'சகோதரி'யில், தன்னை முட்டாள் என்று தானே அறிவித்துக்கொள்ளும் பாட்டு. 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்'. 1962-இல் 'அன்னை' படத்தில், புத்தியும் வெற்றியும் சேர்ந்து வருவதில்லை என்கிற கண்ணதாசன் பாட்டு. அதே வருஷம் ஸ்ரீதரின் 'போலீஸ்காரன் மகள்'. 1964-இல் 'ஆண்டவன் கட்டளை'யில் சிரிப்பாகத் தொடங்கி உள்ளே குத்துகிற பாட்டு.

பெரிய வீச்சு இந்தப் பத்து வருஷம்தான். டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பி.பி. ஸ்ரீநிவாஸும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த காலம். அவர்கள் பாடியதன் பக்கத்தில் இவருடைய மொத்தக் கணக்கு ஒரு மூலையில் அடங்கும். ஆனால் பாடியதில் நின்றது எத்தனை என்று விகிதம் போடுங்கள். இவ்வளவு குறைவாகப் பாடி, இவ்வளவு அதிகமாக மக்கள் வாயில் நின்ற ஆண் குரல் தமிழ்த் திரையில் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுதர்சனம், ராமநாதன், விசுவநாதன் ராமமூர்த்தி, சுப்பையா நாயுடு. நான்கு இசைப் பட்டறைகள், நான்கு பாணிகள். ஆனால் யார் இசை என்று தெரியாமல் கேட்டாலும் இது சந்திரபாபு பாட்டு என்று தெரிந்துவிடும். மெட்டுக்குக் குரல் வளைவது வழக்கம். இங்கே மெட்டு குரலுக்கு வளைந்தது.

மைக்கோடு பேசிய குரல்

1938-இல் 'நந்தகுமார்' படத்தில் தமிழுக்குப் பின்னணிக் குரல் வந்தது. அதுவரை பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். அதன் பிறகு நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. 50-களில் அந்தப் பிரிவு முழுமையாகிவிட்ட நேரத்தில், இரண்டையும் மறுபடி ஓர் உடம்பில் சேர்த்தவர் சந்திரபாபு. பாட்டின் நடுவே அவர் சிரிக்கிறார், விக்குகிறார், மூச்சு வாங்குகிறார். யோடலிங்கில் குரலை உடைக்கிறார். அந்த உடைசலைக் கேட்டாலே அந்த இடத்தில் அவர் இடுப்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். காலும் இடுப்பும் கண்ணும் குரலுக்குள்ளே பதிவாகியிருக்கின்றன.

மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடி வளர்ந்தவர்கள் மைக் வந்த பிறகும் முழுத் தொண்டையில் பாடினார்கள். இவர் மைக்கை ஒரு மனிதரின் காது மாதிரி வைத்துக்கொண்டார். சோகப் பாட்டுகளில் இது இன்னும் தெளிவு. 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் பிறப்பையும் அழுகையையும் பற்றிய பாட்டில் குரலை உயர்த்தவே மாட்டார். அடுத்த நாற்காலியில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி இருக்கும். சுருதி சுத்தம், கமகம் என்று பார்க்கிற வித்துவான்களுக்கு இவரிடம் குறை சொல்ல இடம் உண்டு. தமிழ் எழுத்துகளைச் சில இடங்களில் ஆங்கில வாடையோடு உச்சரிப்பார். இவருடைய முத்திரையே அதுதான்.

முன்னே போன இருவர்

இனி பங்கு விஷயம். அதற்கு முன் இந்தத் தென்சீமையில் சின்ன வயதில் புகழ் கண்ட இரண்டு பாடகர்களை நினைவுபடுத்த வேண்டும்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்தார். ஏழ்மையான பெரிய குடும்பம். பால் பல் விழும் வயதில் அண்ணன்மாரோடு மேடை ஏறினார். ஏற்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள். சுவாமிகள் உங்கள் ஊர்க்காரர். 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, நாடகத்துக்கு வருமுன் இங்கே உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். பாய்ஸ் நாடகக் கம்பெனிப் பையன்களுக்கு ஒரு கண்டம் உண்டு, மகரக்கட்டு என்பார்கள். குரல் உடையும் வயது. நேற்றுவரை ராஜபார்ட் கட்டியவனை அன்றோடு திரை இழுக்கும் வேலைக்கு அனுப்பிவிடும் வயது. கிட்டப்பா அதைத் தாண்டி வந்தார். மைக் இல்லாத கொட்டகையில் உச்ச சுருதியில் பாடி, கன்னையா கம்பெனியின் 'தசாவதார'த்தில் கூட்டம் சேர்த்தார். கே.பி. சுந்தராம்பாளோடு சேர்ந்த பிறகு அந்த ஜோடிக்கு ஈடு இல்லை. 1933 டிசம்பர் 2-இல், 27 வயதில் இறந்தார். முதல் தமிழ்ப் பேசும் படம் வந்து இரண்டு வருஷமாகியும் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இன்று அவர் குரல் நமக்குக் கிடைப்பது தட்டுகளில் மட்டும்.

அடுத்தவர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரையிலிருந்து வந்த டி.ஆர். மகாலிங்கம். 'நந்தகுமார்' படத்தில் கிருஷ்ணனாக வந்தபோது மீசை முளைக்காத பையன். கிட்டப்பாவின் வாரிசு என்று ஊர் சொல்லிற்று. 1945-இல் 'ஸ்ரீ வள்ளி' அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. பிறகு சொந்தப் படம் எடுத்தார். 'மோகனசுந்தரம்', 'சின்னத்துரை' என்று போட்ட பணம் கையைக் கடித்தது. கடன் கழுத்தை நெரித்த நாளில் 1958-இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'யில் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மகாலிங்கம் சொந்தமாக எடுத்த அந்தப் படங்களில் வாய்ப்புப் பெற்ற இளைஞர்தான் சந்திரபாபு. ஒரு பாடகர் தயாரிப்பாளராகிக் கைப்பணத்தை இழப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பிறகு கண்ணதாசன் கடன் வாங்கித் தயாரித்த 'கவலை இல்லாத மனித'னில் நாயகனாக நடித்தார். மகாலிங்கமும் அதில் உண்டு. அதிலும் தயாரிப்பாளருக்குக் கவலைதான் மிஞ்சியது. இத்தனையும் பார்த்த சந்திரபாபு என்ன செய்தார்? எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று சொந்தப் படம் தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தானே இயக்கினார். அது ஓடவில்லை. வீடு போனது, வாய்ப்பு குறைந்தது. 1974 மார்ச்சில், 46 வயதில் இறந்தார்.

மூன்றில் ஒன்று

இரண்டு பேர் கண்ணெதிரில் விழுந்த குழியில் மூன்றாவது ஆள் போய் விழுகிறார் என்றால் அவர் முட்டாளா? தன்னைப் பற்றி அப்படிப் பாடினார் என்பதற்காக நாம் நம்பிவிடக் கூடாது. அவர் போட்ட கணக்கு வேறு.

அது புரிய, இந்தக் கரையின் பழைய பங்கு முறை ஒன்றைப் பார்ப்போம். முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தது எப்படி? பங்குனி சித்திரையில் தோணிகள் சிப்பி விளையும் பாருக்குப் போகும். சம்மாட்டி, குளியாள், கயிறு பிடிக்கிறவர் என்று ஒரு தோணிக்கு ஒரு குழு. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளி வருவார்கள். கரைக்கு வந்ததும் சிப்பியைப் பங்கு வைப்பார்கள். அரசுக்கு இரண்டு பங்கு, மூழ்கியவர்களுக்கு ஒன்று. அரசுப் பங்கைச் சிப்பி திறக்காமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று எடுத்தவருக்கும் தெரியாது, ஏலம் கேட்டவருக்கும் தெரியாது. அரசு மூன்றில் இரண்டு எடுத்தது அநியாயம் என்று வாதாடலாம். ஆனால் மூழ்கியவனுக்கு ஒரு பங்கு உறுதியாக இருந்தது. அவன் பங்குச் சிப்பியில் பெரிய முத்து இருந்தால் அது அவனுடையது. 1961-இல் கடைசிச் சலாபம் நடந்தபோது, சென்னையில் சந்திரபாபு புகழின் உச்சியில் இருந்தார்.

சினிமாப் பாடகருக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. பாடினதற்குக் கூலி உண்டு. அது ஒரு முறை. அதன் பிறகு தட்டு ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும், கொழும்பு வானொலி தினம் நான்கு முறை வைத்தாலும், பாடியவருக்குச் சல்லிக்காசு வராது. படம் தயாரிப்பாளருடையது, பதிவின் உரிமையும் அவர் வழியாகத் தட்டுக் கம்பெனிக்குப் போகும். 1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகர் என்ற ஆளே இல்லை. எழுதியவருக்கு இடம் உண்டு, மெட்டமைத்தவருக்கு இடம் உண்டு, பாடியவருக்கு இல்லை. பம்பாயில் லதா மங்கேஷ்கர் 60-களின் தொடக்கத்தில் பாடகருக்கு ராயல்டி வேண்டும் என்று குரல் எழுப்பினார். கூலி வாங்கியதோடு நம் உரிமை முடிந்தது என்றார் முகமது ரஃபி. இருவரும் சில வருஷம் சேர்ந்து பாடவே இல்லை. லதாவுக்கே அந்த நிலை.

அப்படியானால் தன் பாட்டு தனக்குச் சொந்தமாக வேண்டும் என்று நினைக்கிற பாடகருக்கு இருந்த வழி எது? படத்தையே சொந்தமாக எடுப்பது. மகாலிங்கம் அதைத்தான் செய்தார். சந்திரபாபுவும் அதைத்தான் செய்தார். பேராசை, கர்வம் என்று நாம் சொல்லிவந்ததில் பாதி, பங்கில்லாதவன் பங்கு தேடிய கதை. அவர் குடிக்கவில்லை, தவறு செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. குடித்தவர்கள், தவறு செய்தவர்கள் பலர் வீடு வாசலோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மாதா மாதம் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. சந்திரபாபுவின் தட்டு விற்றுக்கொண்டே இருந்தது. அவருக்கு வருமானம் நின்றுவிட்டது. 1966-க்குப் பிறகும் அந்தப் பாட்டுகள் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் மாறியது, மிகத் தாமதமாக. 1994-இல் திருத்தம் வந்து பாடகரை 'நிகழ்த்துவோர்' என்று ஏற்றது. ஆனால் படத்துக்குப் பாடச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை அடங்கிவிடும் என்றொரு வால் அதில் இருந்தது. 2012-இன் திருத்தம்தான், பதிவு வணிகமாகப் பயன்படும்போது பாடகருக்கு ராயல்டி உண்டு என்று சொன்னது. சந்திரபாபு இறந்து 38 வருஷம் கழித்து.

இன்றைய பிள்ளைகள்

இதெல்லாம் பழங்கதை என்று எழுந்துவிடாதீர்கள். இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளை தொலைக்காட்சியில் பாடி, மறுநாள் காலை ஊரெல்லாம் தெரிந்த முகமாகிவிடுகிறது. அந்த மூன்று நிமிஷப் பதிவு இணையத்தில் கோடிப் பார்வை பெறுகிறது. பார்வைக்கு விளம்பரப் பணம் வருகிறது. அது யாருக்குப் போகிறது? பெரும்பாலான பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பிள்ளைக்கு மேடை கிடைத்ததே பாக்கியம் என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்று ஒரு குழந்தை நடிகர். 1921-இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் வந்தவர். பெரியவனாகி, சம்பாதித்தது எங்கே என்று கேட்டபோது தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்துவிட்டிருந்தார்கள். தாய்மீதே வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வழி செய்யும் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2017-இல் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் திருத்தம் வந்திருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தைக் கலைஞரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அந்தக் குழந்தையின் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. இன்று இங்கிருந்து போகிறவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது. ஆகவே பிள்ளை பாடினாலும் கையெழுத்து உங்களுடையது. பேனாவை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்? இணையத்திலும் வேறு இடங்களிலும் மறுபடி ஓடும்போது என் பிள்ளைக்கு என்ன பங்கு, அதை எந்தத் தேதியில் யார் தருவார்கள்? எத்தனை வருஷத்துக்கு என் பிள்ளை வேறு எங்கும் பாடக் கூடாது என்று கட்டுகிறீர்கள்? பதில் வாய்ப்பேச்சாக வந்தால் போதாது, எழுத்தில் வேண்டும். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையைப் பாட விடாதீர்கள்; நல்ல குரலுக்கு இன்னொரு மேடை வரும்.

கிட்டப்பாவுக்கும் மகாலிங்கத்துக்கும் சந்திரபாபுவுக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்க அன்றைக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. இன்றைக்கு நிற்கிறது. கேட்க வேண்டியது நாம்தான்.